அக்காவைக் கேளுங்கள்: மெசேஜ் வந்தது, ஆள் வரவில்லை

அக்கா, போன மாதம் என் மாமியார் இறந்துவிட்டார். பெங்களூர் அல்சூரிலேயே 40 வருடம் வாழ்ந்தவர். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் வீட்டுக்காரர் செய்தி போட்ட அரை மணி நேரத்துக்குள் நூறு பேருக்கு மேல் 'ஆழ்ந்த இரங்கல்', 'ஓம் சாந்தி', கும்பிடும் கை என்று போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் 11 பேர். இதே ஊரில், கே.ஆர்.புரத்திலும் பானஸ்வாடியிலும் இருக்கிற ஒன்றுவிட்ட சொந்தங்கள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பிறகு சிவாஜிநகர் மார்க்கெட்டில் ஒருவரைப் பார்த்தபோது, 'நான்தான் மெசேஜ் போட்டேனே' என்கிறார். எனக்கு ஆறவே இல்லை. நான் வருத்தப்படுவது தப்பா?
– வாசகி, அல்சூர்

தப்பே இல்லை அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த 11 என்ற எண்ணை நீங்கள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறீர்களே, அதிலேயே எவ்வளவு வலி என்று தெரிகிறது.

நம் மொழியில் இதற்கு 'துக்கம் விசாரிப்பது' என்று பெயர். இரங்கல் சொல்வது என்பதெல்லாம் மேடைக்கும் பத்திரிகைக்கும் வந்த சொல், வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'விசாரிச்சிட்டு வந்துடலாம்' என்றுதான் கிளம்புவோம். விசாரிப்பது என்றால் கேட்பது. வந்தவர் பாயில் உட்கார்ந்ததும் 'எப்படி ஆச்சு? ராத்திரி நல்லாத்தானே இருந்தாங்க? கடைசியா என்ன சாப்பிட்டாங்க?' என்று கேட்பார், வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அடுத்து வருகிறவரும் அதையே கேட்பார், மறுபடியும் முதலிலிருந்து சொல்வார்கள். முதல் நாள் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும். காரியத்துக்குள் அதே கதையை நாற்பது தடவை சொல்லி முடித்திருப்பார்கள், அப்போது அழாமல் சொல்ல வந்துவிடும். மெசேஜில் இது நடக்க வழியே இல்லை. அந்த நூறு பேரில் ஒருவர்கூட உங்களை ஒரு கேள்வி கேட்கவில்லை. மாமியார் கடைசியாக என்ன சாப்பிட்டார் என்பது இன்னும் உங்களுக்குள்ளேயே கிடக்கிறது, அதனால்தான் ஆறவில்லை.

என் அப்பா இறந்தது 1996-இல், கோலார் தங்கவயல் மாரிக்குப்பத்தில். வெளியூர்க்காரர்களுக்குத் தந்தி கொடுத்தோம். (2013 ஜூலையோடு தந்தி சேவையே முடிந்துவிட்டது, இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது.) பெங்களூரில் இருந்தவர்கள் தங்கவயல் ரயிலைப் பிடித்து வந்து இறங்கினார்கள். அதில் ஒரு பெரியம்மா, அப்பாவோடு எட்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர், வந்ததும் யாரிடமும் ஒன்றும் பேசாமல் அப்பாவின் செருப்பை எடுத்துத் தூசி தட்டித் திண்ணை ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். அப்புறம்தான் அழுதார். அந்தச் செருப்பு வைக்கப்பட்ட விதம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். குழுவில் போட்ட செய்தி எல்லோருக்கும் போனது, ஆனால் குறிப்பாக யாருக்கும் போகவில்லை. முன்பு சாவுச் செய்தி என்றால் வீட்டுக்கு வீடு ஆள் விட்டுச் சொல்வோம், 'உனக்குச் சொல்லியாச்சு' என்று ஆன பிறகு போகாமல் இருக்க முடியாது. 180 பேர் இருக்கிற குழுவில் பார்த்தவர், மற்றவர்கள் போவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து அல்சூருக்கு வருவது இன்றைய நெரிசலில் அரைநாள் வேலை, அதுவும் உண்மைதான். ஆனாலும் போன் பண்ணிப் பேசலாம், பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரலாம்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் மாமியாருக்கு மிகவும் பிடித்த ஒரு சொந்தம் இருக்கும் இல்லையா, அவரை நீங்களே கூப்பிட்டு, 'அத்தையைப் பத்திப் பேசணும் போல இருக்கு, வாங்க' என்று சொல்லுங்கள். வருவார். வந்தால் காபி கொடுத்து உட்கார வைத்து, முதலிலிருந்து சொல்லுங்கள்.

அக்கா, ஒயிட்ஃபீல்டில் அபார்ட்மெண்டில் இருக்கிறேன். சேலத்திலிருந்து என் தாய்மாமா சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார். கேட்டில் செக்யூரிட்டி ஆப்பில் அனுமதி கேட்டிருக்கிறார்கள். நான் ஆபீஸ் காலில் இருந்தேன், போன் சைலண்டில் இருந்தது. மாமாவிடம் என் பழைய நம்பர்தான் இருந்தது. 40 நிமிடம் வெயிலில் நின்றுவிட்டு, கொண்டுவந்த பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், ஒயிட்ஃபீல்டு

தம்பி, போனில் இது தீராது. சனிக்கிழமை பஸ் ஏறிச் சேலத்துக்குப் போய்விடுங்கள், தாய்மாமா வீட்டு வாசலில் நீங்கள் நிற்பதுதான் பதில்.

அவர் கோபம் உங்கள் மேல் மட்டும் என்று நினைக்காதீர்கள். கேட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பேர் கேட்டிருப்பார்கள், எந்த பிளாக், எந்த ஃபிளாட், என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள், போனைத் தூக்கி முகத்தைப் போட்டோ எடுத்திருப்பார்கள். பீட்சா கொண்டுவருகிறவருக்கும் கொரியர்காரருக்கும் இது பழகிப்போன விஷயம், அவர்களுக்கு முன்னால் வரிசையில் நின்றிருப்பார். காவலாளியைக் குறை சொல்ல முடியாது, அனுமதி வராமல் உள்ளே விட்டால் அவர் வேலை போகும். ஆனால் உங்கள் காதணி விழாவுக்கு மடியில் உட்கார வைத்துக்கொண்டவரிடம் 'நீங்க யாரு?' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

'சொல்லாமல் கொள்ளாமல் வருவது' என்பதை இப்போது குறையாகச் சொல்கிறோம். அது ஒரு உரிமை. இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வருகிற உரிமை. கேட் ஆப் வந்ததும் அந்த உரிமை போய்விட்டது, யாரும் அதைப் பறிக்க வேண்டும் என்று நினைக்காமலேயே போய்விட்டது. திருட்டுப் பயம் இருக்கிற ஊரில் ஆப் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலான கேட் ஆப்களில் அடிக்கடி வருகிறவர்களை முன்கூட்டியே பதிந்து வைக்க வசதி உண்டு. வேலைக்கு வரும் அம்மாவுக்குப் பதிந்து வைத்திருப்பீர்கள்தானே? அதே மாதிரி மாமா, சித்தப்பா, அத்தை எல்லோரையும் இன்றைக்கே பதிந்துவிடுங்கள். எதிர்வீட்டு நம்பரையும் செக்யூரிட்டியிடம் கொடுத்து வையுங்கள். அப்புறம், யார் வந்தாலும் ஆப்பில் பொத்தானை அழுத்திவிட்டு சோபாவில் உட்கார்ந்திராமல் கேட் வரைக்கும் இறங்கிப் போங்கள்.

பையில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சேலத்துக்காரர் அந்தப் பருவத்தில் என்ன கொண்டுவந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மாம்பழம் அழுகுவதற்குள் சாப்பிட்டு, எப்படி இருந்தது என்று நேரில் சொல்லுங்கள்.

என் வீட்டுக்காரர் மெசேஜைப் பார்க்கிறார், இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் போடுவதில்லை. தினமும் இதனால் சண்டை.
– வாசகி, ஜீவன்பீமா நகர்

அந்த நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. அதற்கு முன்னாலும் உங்கள் வீட்டுக்காரர் இப்படித்தான் இருந்திருப்பார், உங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். இரண்டு பேரும் பிரைவசி செட்டிங்கில் போய் அதை நிறுத்திவிடுங்கள். அவசரம் என்றால் கூப்பிடுங்கள், 'வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க' என்பதற்குப் பதில் வேண்டாம், தயிர் வந்தால் போதும்.

நான் ஓய்வுபெற்றவன், வயது 71, ஸ்ரீராமபுரம். நல்ல விஷயங்களை, எச்சரிக்கைச் செய்திகளை எல்லோருக்கும் அனுப்புகிறேன். என் மகன் 'ஃபார்வர்டு பண்ணாதீங்கப்பா' என்று திட்டுகிறான். நல்லதைப் பகிர்வது குற்றமா?

ஐயா, உங்கள் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உங்கள் மகன் பக்கம்தான் நிற்பேன்.

2012 ஆகஸ்டில் நீங்கள் இந்த ஊரில்தான் இருந்திருப்பீர்கள். வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகளைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் பரவியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலையை, படிப்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு சிட்டி ஸ்டேஷனில் வந்து குவிந்தார்கள். குவாஹாட்டிக்குத் தனி ரயில் விட வேண்டியதாயிற்று. ஒரே தடவையில் 5 பேருக்கு மேல் எஸ்எம்எஸ் அனுப்ப முடியாதபடி 15 நாளைக்கு மத்திய அரசு தடை போட்டது. அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்பியவர்களில் பாதிப் பேராவது 'ஜாக்கிரதையாக இரு' என்ற அக்கறையில்தான் அனுப்பியிருப்பார்கள்.

2018 மே மாதம் இன்னும் கொடுமை. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அதில் வந்த 65 வயது அம்மா அங்கே விளையாடிய குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைப் பார்த்துவிட்டுக் கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். குழந்தையைப் பார்த்தால் கையில் எதையாவது வைக்காமல் நம் வீட்டுப் பாட்டிகளுக்குப் போக முடியுமா? அதே மாதம் நம் சாமராஜப்பேட்டையில், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞரை இதே வதந்தியை நம்பி அடித்துக் கொன்றார்கள். இதற்கெல்லாம் பிறகுதான் அந்த ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி மாற்றியது. 2020-இல், பல கை மாறி வந்த செய்தியென்றால் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் என்று இன்னும் இறுக்கியது. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது அப்படிப் பல கை மாறியது என்று அர்த்தம். அதைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள் ஐயா.

உங்கள் 71 வருடத்தில் நீங்களே பார்த்தது எவ்வளவு இருக்கும்! மில் ஓடிய காலம், பழைய ஸ்ரீராமபுரம், கரண்ட் இல்லாத தெரு. அதை உங்கள் குரலில் இரண்டு நிமிடம் பதிவு பண்ணிப் பேரப்பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். மகன் திட்ட மாட்டான்.

வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர் வந்து 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், யாரிடமும் சொல்லக் கூடாது' என்று என் அம்மாவை மூன்று மணி நேரம் மிரட்டியிருக்கிறார்கள். நல்லவேளை பணம் போகவில்லை.
– வாசகர், காக்ஸ் டவுன்

நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைச் சொன்னார். இப்படி அழைப்பு வந்தால் துண்டியுங்கள், பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். அந்த மூன்று மணி நேரமும் அம்மா வீட்டில் தனியாக இருந்தார் இல்லையா? 'யாரிடமும் சொல்லாதே' என்பதுதான் அவர்களுடைய முழு மூலதனம். பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா வாசலில் நின்று 'ஊட்டா ஆய்தா?' (சாப்பிட்டாச்சா?) என்று கேட்டிருந்தால் அந்த நாடகம் அங்கேயே முடிந்திருக்கும். மதியம் ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

மகள் கல்யாணப் பத்திரிகையில் மொய்க்கு க்யூஆர் கோடு அச்சடிக்கலாம் என்கிறான் என் தம்பி. செய்யலாமா?
– மர்ஃபி டவுன்

2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் இப்படி அச்சடித்து, அது செய்தியாகவே வந்தது. கொரோனா காலம், வர முடியாதவர்களுக்கு அது உதவிதான். 1001 அனுப்ப அந்த ஒரு ரூபாய்க் காசைத் தேட வேண்டாம் என்பது வசதி.

ஆனாலும் பத்திரிகையில் வேண்டாம் என்பேன். மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து 'குடும்பத்தோட வந்துடணும்' என்று நீட்டுகிற காகிதத்தில் பணம் கேட்கிற கட்டம் இருந்தால் வாங்குகிறவர் முகம் மாறும். மண்டபத்தில் மொய் எழுதுகிற மேசையில் வையுங்கள், கேட்கிறவர்களுக்குக் காட்டுங்கள். ஆனால் ஆப்பில் வந்ததையும் மொய் நோட்டில் ஊர், தகப்பனார் பெயரோடு கையால் எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டும், போன் மாறினால் கணக்கு எங்கே போய்த் தேடுவீர்கள்?

நான் கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். பெங்களூரில் என் பேரனுக்கு 8 வயது. தினமும் வீடியோ காலில் வருவான், 'ஹாய் பாட்டி' என்பான், இரண்டு நிமிடத்தில் ஓடிவிடுவான். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை.

அம்மா, அவனிடம் பேசப் பார்க்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளையை எதிரே உட்கார வைத்து 'சாப்ட்டியா, படிச்சியா' என்றால் நேரில் இருந்தாலும் ஓடத்தான் செய்வான். நீங்கள் நேரில் இருக்கும்போது இரண்டு பேரும் சேர்ந்து எதையாவது செய்துகொண்டிருப்பீர்கள், பட்டாணி உரிப்பீர்கள், கோலத்துக்குப் புள்ளி வைப்பீர்கள், பேச்சு அதன் நடுவில் தானாக வரும். போனிலும் கைக்கு வேலை வேண்டும்.

பல்லாங்குழி ஆடுங்கள். உங்களிடம் ஒரு பலகை, அவனிடம் ஒன்று. பலகை இல்லாவிட்டால் தரையில் சாக்பீஸால் இரண்டு வரிசையாக 14 வட்டம் போட்டால் போதும். குழிக்கு 5 புளியங்கொட்டை. நீங்கள் காயை எடுத்துப் போடும்போது சத்தமாக எண்ணிச் சொல்லுங்கள், அவன் தன் பக்கம் அதே மாதிரி போடட்டும். அவன் முறை வரும்போது அவன் தமிழில் எண்ண வேண்டும், நீங்கள் போட வேண்டும். இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று நடுநடுவே சரிபாருங்கள், ஒத்துப்போகாது, அங்கேதான் சண்டை வரும், அந்தச் சண்டைக்காக மறுநாள் அவனே கூப்பிடுவான். போனைக் கையில் பிடிக்காமல் ஒரு சொம்பில் சாய்த்து வையுங்கள். 70 புளியங்கொட்டையைக் கழுவிக் காயவைத்து, பெங்களூருக்கு யாராவது வந்தால் ஒரு பையில் கொடுத்தனுப்புங்கள்.