பில் போடவா, வேண்டாமா?

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை கம்ப்யூட்டர், கைப்பேசி சம்பந்தப்பட்டவை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். என் கோபத்தைச் சுருக்க முடியவில்லை.

அம்மாவுக்கு வயது 68. ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று சேவை மைய எண்ணை இணையத்தில் தேடி அழைத்தார். பேசியவன் ஒரு செயலியை இறக்கச் சொல்லி, பதிவுக் கட்டணமாக 10 ரூபாய் கட்டச் சொன்னான். கணக்கிலிருந்த 42,000 ரூபாயும் போய்விட்டது. நேற்று நடந்தது. அப்பா அம்மாவைத் திட்டிக்கொண்டே இருக்கிறார். – வாசகி, கும்பகோணம்

முதலில் அப்பாவை வாயை மூடச் சொல்லுங்கள். திட்டும் நேரத்தில் இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழைத்திருக்கலாம். இன்னும் அழைக்கவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அழையுங்கள். திருடிய பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். கடைசி ஆள் ஏடிஎம்மில் எடுப்பதற்குள் புகார் பதிவானால் இடையிலேயே நிறுத்திவைக்க வழி உண்டு. புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே நாளில் வங்கிக்கும் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

அவன் இறக்கச் சொன்னது திரையைப் பகிரும் செயலி. அம்மா தட்டிய ரகசிய எண், வந்த ஓடிபி எல்லாம் அங்கே அவன் கண்முன் ஓடியிருக்கும். அந்தச் செயலியை நீக்குங்கள். கடவுச்சொற்களை வேறொரு கைப்பேசியிலிருந்து மாற்றுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரும் வங்கியும் காரணமாக இல்லாத மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. அவரே விவரத்தைக் கொடுத்துவிட்டார் என்றால், வங்கியிடம் சொல்லும் வரை போனது அவர் தலையில். சொன்ன பிறகு போனால் வங்கியின் தலையில். வங்கி முதல் வரியை மறந்துவிட்டு இரண்டாவதை மட்டும் காட்டும். தயங்காமல் வாதாடுங்கள். முழுத் தொகையும் திரும்பும் என்று உங்களுக்கு ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

தேடலில் முதலில் வந்து நிற்கும் எண் பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்ணை அம்மா சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். இதில் அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய கட்டிலை இணையத்தில் விற்க விளம்பரம் கொடுத்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னவர் பணம் அனுப்ப ஒரு க்யூஆர் படம் அனுப்பியிருக்கிறார். ஸ்கேன் செய்யலாமா? – வேலூர்

கூடாது. பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம்.

499 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ். நல்லதா? – திண்டுக்கல்

இல்லை.

அனுபவப்பட்டவன் சொல்கிறேன். பாரிமுனை நடைபாதையில் 350 ரூபாய்க்கு ‘ஒரு டிபி’ வாங்கினேன். பேரம் பேசி 50 ரூபாய் குறைத்த பெருமை வேறு. தங்கை மகளின் திருமணப் படங்கள் அத்தனையையும் அதில் ஏற்றினேன். கோப்புப் பெயர்கள் ஒன்று விடாமல் வரிசையாகத் தெரிந்தன. திறந்தால் மாப்பிள்ளை அழைப்பு வரை படம், முகூர்த்தத்திலிருந்து சாம்பல் நிறக் கட்டம். ஒரு டிபி என்றால் சுமார் ஆயிரம் ஜிபி. உள்ளே இருந்தது 16 ஜிபி சில்லு. கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றி எழுதியிருந்தார்கள். இடம் தீர்ந்த பிறகும் ‘ஏற்றியாகிவிட்டது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். எந்தப் பென்டிரைவ் வாங்கினாலும் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். தங்கை இன்றைக்கும் அந்தப் படங்களைக் கேட்கிறாள்.

மூன்று பேர் வேலை செய்யும் பனியன் லேபிள் யூனிட். 32,000 ரூபாய்க்கு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கினோம். ‘பில் வேண்டாம் என்றால் 18 சதவீதம் மிச்சம்’ என்றார்கள். விண்டோஸ், ஆபீஸ் எல்லாம் இலவசமாகப் போட்டுத் தந்தார்கள். ஏழே மாதத்தில் கணக்குக் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பு கிடக்கிறது. கூடவே செருகியிருந்த பேக்கப் டிஸ்க்கும் போய்விட்டது. கடைக்காரர் ‘எங்களிடம் வாங்கியதற்கு என்ன ஆதாரம்?’ என்கிறார். – திருப்பூர்

‘பில் போடவா, வேண்டாமா?’ என்ற கேள்வியை எந்தக் கடையில் கேட்டாலும் எனக்கு இரத்தக் கொதிப்பு ஏறும். ஓட்டலில் ‘சாப்பாட்டில் உப்புப் போடவா?’ என்று கேட்கிறார்களா? பில் என்பது வாங்குபவருக்குக் கடைக்காரர் செய்யும் உபகாரம் அல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமலிருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறை என்று பட்டியலிட்டிருக்கிறது. அதாவது அவர் சலுகை தரவில்லை. தவறு செய்துவிட்டு அதற்கு உங்களையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்.

மிச்சம் பிடித்தது எவ்வளவு? 32,000-க்கு 18 சதவீதம் 5,760 ரூபாய். நீங்கள் வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டுபவராக இருந்தால், யூனிட் பெயரில் பில் வாங்கியிருந்தாலே அந்த 5,760-ஐ உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்திருக்கலாம். திரும்பி வரக்கூடிய பணத்தை மிச்சம் பிடிக்கப் போய் வாரண்டியையும் சாட்சியையும் விற்றுவிட்டீர்கள்.

அந்த ‘இலவச’ விண்டோஸுக்கு வருவோம். உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் நடிக்க வைக்க ஒரு சிறு மென்பொருளை ஓட்டுவார்கள். அதை ஓட விடாமல் விண்டோஸின் சொந்தக் காவலாளியான டிஃபெண்டர் தடுக்கும். கடைப் பையன் டிஃபெண்டரை அணைத்துவிட்டு வேலையை முடிப்பான். பெரும்பாலும் திரும்பப் போடுவதில்லை. புதுப்பிப்புகளையும் நிறுத்திவிடுவது உண்டு. கதவைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுச் சாவியை உங்கள் கையில் கொடுத்த மாதிரி. 2017 மே மாதம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளையும் ஆலைகளையும் இதேபோல் கோப்புகளைப் பூட்டி, பணம் கேட்டு முடக்கிய வான்னாக்ரை என்ற வைரஸ் நினைவிருக்கிறதா? அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. போடாதவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து துண்டியுங்கள். எதையும் அழிக்காதீர்கள். பிட்காயின் கட்டாதீர்கள், கட்டியும் சாவி கிடைக்காதவர்கள் உண்டு. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் உள்ளிட்ட அமைப்புகள் 2016-ல் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைப் பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து, பூட்டிய ஒரு கோப்பையும் அந்தக் குறிப்பையும் அங்கே ஏற்றிப் பாருங்கள். இன்று இல்லாவிட்டாலும் பிறகு வரலாம். அதனால் பூட்டிய கோப்புகளைத் தனியாக எடுத்து வையுங்கள். 1930-லும் புகார் கொடுங்கள்.

கடைக்காரர் ஆதாரம் கேட்கிறாரா? யுபிஐயில் கட்டினீர்களா? வாட்ஸ்அப்பில் விலை பேசினீர்களா? அவை ஆதாரம்தான். தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று அவருடைய வக்கீல் சொல்லக்கூடும். சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துபவரை அந்தச் சட்டமே நுகர்வோராக ஏற்கிறது. மூன்று பேர் யூனிட்டுக்கு அது பொருந்தும் என்று வாதாட இடம் இருக்கிறது. முதலில் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு அழையுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்தால் அது பேக்கப் அல்ல, இரண்டாவது பலி. வெள்ளிக்கிழமை மாலை செருகி, நகல் எடுத்து, பிடுங்கி, வீட்டு பீரோவில் வையுங்கள்.

திரையின் மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று அடிக்கடி வருகிறது. அதிலேயே 1,999 ரூபாய்க்கு ஆன்டிவைரஸும் காட்டுகிறார்கள். வாங்கலாமா? – நாகர்கோவில்

வைரஸை எண்ணிச் சொல்பவனே மருந்தும் விற்கிறான். ஏதோ ஒரு தளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்டபோது நீங்கள் ஆம் என்று அழுத்தியிருப்பீர்கள். குரோம் அமைப்புகளில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்குங்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும். அணைத்து வைக்காமல் இருந்தால்.

கூரியர் முகவரி சரியில்லை, 5 ரூபாய் கட்டுங்கள் என்று வந்த லிங்கில் கார்டு எண் கொடுத்தேன். 8,000 போய்விட்டது. சென்ற ஆண்டு மின்கட்டணம் என்று இப்படித்தான் ஆயிற்று. அதற்கு முன் கேஒய்சி. – சென்னை

மூன்றாவது முறை. நீங்கள் கூரியரில் எதையாவது வரவழைத்திருந்தீர்களா என்று எழுதவேயில்லை. வரவழைக்கவில்லை என்றே நினைக்கிறேன். கார்டை முடக்குங்கள். புதுக் கார்டு வந்ததும் வங்கிச் செயலியில் இணையப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் திறந்து மூடலாம். நான்காவது கடிதம் எழுத வேண்டாம்.

என் லேப்டாப்பில் விண்டோஸ் 10. ‘செத்துப்போன மாடல், எக்ஸ்சேஞ்சில் 4,000 தருகிறேன்’ என்கிறார் கடைக்காரர். ஓய்வூதியக்காரன் நான். – மயிலாடுதுறை

சாகவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுவிட்டது, அவ்வளவுதான். நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11 ஏறுமா என்று அவர்களுடைய இலவசச் சோதனை மென்பொருளில் பாருங்கள். ஏறாவிட்டால், செய்தி படிக்கவும் பேரனைப் பார்க்கவும் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் போதும், காசு கிடையாது. எக்ஸ்சேஞ்சுக்கே போவதானால், ‘அனைத்தையும் நீக்கு’ என்ற ரீசெட்டை டிரைவைத் துடைக்கும் தேர்வோடு செய்த பிறகே கொடுங்கள். பில் வாங்குங்கள்.

கைப்பேசிக் கதிர்வீச்சைத் தடுக்கும் தங்கநிற ஸ்டிக்கர் 299 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கே ஒட்டினால் நன்றாக வேலை செய்யும்? – ஈரோடு

என்னுடையது ஊறுகாய் ஜாடியில் ஒட்டியிருக்கிறது. மூடி எது, அடி எது என்று குழப்பமில்லாமல் தெரிகிறது.