தோட்டா ஓட்டின் தோளை எவ்வளவு தள்ளுவது?

வாசகர் கேள்வி பதில்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்து வெளிநாடு போய், அங்கே உரிமத்தோடு இலக்குச் சுடும் சங்கங்களில் சேர்ந்திருக்கும் வாசகர்கள் சிலர் ஒரே விஷயத்தைச் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள். சுட்ட தோட்டாவின் பித்தளை ஓட்டைத் தங்கள் ரைஃபிளின் சேம்பருக்கு, அதாவது தோட்டா அமரும் அறைக்கு, பொருந்தும்படி மறுபடி அளவாக்குவது எப்படி? ஓட்டின் உடம்பு கழுத்தை நோக்கி ஒடுங்கும் சரிவுதான் தோள். பிரஸ் என்ற நெம்புகோல் கருவியின் மேலே திருகி வைக்கும் எஃகு அச்சு டை. கீழிருந்து ஏறும் ராம் என்ற தண்டின் தலையில் ஓட்டின் அடியைப் பிடித்திருப்பது ஷெல் ஹோல்டர். கருவிகள் எல்லாம் அங்குலக் கணக்கில் வருவதால் நாமும் அப்படியே எழுதுகிறோம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ, அதாவது 0.0254 மில்லிமீட்டர்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது .308 வின்செஸ்டர் வகைத் தோட்டாவைச் சுடும் போல்ட் ரைஃபிள். டை பெட்டியில் இருந்த தாளில் சொன்னபடி டையை ஷெல் ஹோல்டரில் தொடும்வரை இறக்கி, மேலும் கால் சுற்று திருகினேன். நாலைந்து தடவை சுட்ட ஓடுகளில் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறது. இன்னும் பயன்படுத்தலாமா?
— பெர்த்தில் வேலை செய்யும் பிரிக்பீல்ட்ஸ் வாசகர்

பதில்: சோதித்துப் பார்க்கும்வரை வேண்டாம். டை இறங்கி நின்ற இடத்தில் ஒரு மினுமினுப்புக் கோடு எப்போதுமே விழும், அதில் கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது சுவர் உட்புறமாக மெலிந்து உண்டாகும் வளையத்துக்கு. வெளியே பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைத் தீட்டிக் கூராக்கி, அந்த நுனியை மட்டும் செங்கோணமாக மடக்குங்கள். ஓட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சுவரை உரசி இழுங்கள். ஒரு பள்ளத்தில் நுனி தட்டினால் அந்த ஓட்டை நசுக்கி எறிந்துவிடுங்கள். அதனுடன் சேர்ந்து சுடப்பட்ட மற்ற ஓடுகளையும் ஒன்றுவிடாமல் இப்படிப் பாருங்கள்.

காரணம் இதுதான். சுடும் கணத்தில் ஓட்டின் மெல்லிய முன்சுவர் விரிந்து சேம்பரைக் கவ்விக்கொள்கிறது. அடிப்பகுதி தடிமனானது, அதனால் அது கவ்வாமல் பின்னோக்கிப் போய், சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் மோதி நிற்கிறது. தோளுக்கும் சேம்பருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்ததோ, அவ்வளவும் அடிக்கு மேலே உள்ள அந்த ஒரே இடத்தில் இழுபடுகிறது. நீங்கள் மறுபடி தோளைப் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள், மறுபடி சுடுகிறீர்கள், மறுபடி அதே இடம் இழுபடுகிறது. ஒருநாள் ஓடு இரண்டாகப் பிரிந்து முன்பாதி சேம்பரிலேயே தங்கிவிடும். எரிவாயு பின்பக்கம் கசிந்தால் கண்ணுக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடாதீர்கள்.

டை பெட்டித் தாளைக் குறை சொல்வதற்கில்லை. உங்கள் சேம்பரை அவர்கள் பார்த்ததில்லை, எந்த .308 ரைஃபிளிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை. அமெரிக்கத் தயாரிப்பாளர்களின் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வரையறையில் .308க்கு, தோளில் 0.400 அங்குல விட்டம் வரும் இடத்திலிருந்து அடிவரை, சேம்பர் 1.630 முதல் 1.640 அங்குலம் வரை இருக்கலாம். தோட்டா 1.627 முதல் 1.634 வரை இருக்கலாம். ஆக, இரண்டுமே வரையறைக்குள் இருந்தாலும் 13 தௌ வரை இடைவெளி வர வழியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியதோ 1 முதல் 2 தௌ மட்டுமே.

அதை அளக்க காலிப்பரின் ஒரு தாடையில் மாட்டும் கம்பேரட்டர் புஷ், அதாவது தோளின் மேல் அமரும் துளையுள்ள வளையம், வேண்டும். .308க்கு 0.400 துளையுள்ளது, .30-06க்கு 0.375, .223க்கு 0.330. உங்கள் ரைஃபிளிலேயே சுட்ட ஓடுகள் ஐந்தாறை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரைமரை, அதாவது ஓட்டின் அடியில் இருக்கும் பற்றவைக்கும் சிறு மூடியை, தட்டி எடுத்துவிடுங்கள். அளவாக்கும் டையால் அல்ல, பிரைமரை மட்டும் எடுக்கும் தனி டையால். பிரைமர் துளியளவு வெளியே தள்ளி நின்றாலோ, ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி மேடு எழுந்திருந்தாலோ அளவு கெட்டுவிடும். கழுத்து விளிம்பில் பிசிறு இருந்தால் தேய்த்து எடுங்கள், அடியைத் துடையுங்கள். பிறகு தாடைகளுக்கு நடுவில் ஓட்டை இலேசாகச் சுழற்றி, வரும் மிகச் சிறிய எண்ணைக் குறியுங்கள்.

ஐந்தாறு ஓடுகளில் நீளமானதன் எண்ணே உங்கள் அடிப்படை. மிதமான வெடிமருந்து அளவில் ஒரே முறை சுட்ட ஓடு சேம்பரை முழுதாக நிரப்பியிருக்காது, இரண்டு மூன்று முறை சுட்டதே நம்பகமானது. இன்னொன்று, கம்பேரட்டர் காட்டும் எண்ணை வரையறை எண்ணோடோ நண்பரின் எண்ணோடோ ஒப்பிடாதீர்கள். புஷ்ஷின் விளிம்பு ஒவ்வொன்றிலும் சற்று மாறும். உங்கள் கருவி, உங்கள் ஓடு. முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு.

இனி டை. ஷெல் ஹோல்டரைத் தொடும் நிலையிலிருந்து அரைச் சுற்று மேலே ஏற்றி வையுங்கள். ஓட்டுக்கு எண்ணெய் பூசி, அளவாக்கி, துடைத்து, அளந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14, எனவே ஒரு முழுச் சுற்று 71 தௌக்குச் சற்று அதிகம். 2 தௌ நகர்த்த 10 டிகிரி திருகினாலே போதும். இதைத் தெரியாமல் 'கொஞ்சம்' என்று கால் சுற்று திருகினால் 18 தௌ போய்விடும். டையின் மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கண் ஏமாறாது. அளவு வந்ததும், ஒரு ஓடு டைக்குள் இருக்கும்போதே, ராம் மேலே நிற்கும் நிலையில் பூட்டு வளையத்தை இறுக்குங்கள். அப்போதுதான் டை நடுவில் அமரும்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோலத்தான் டையை மேலே ஏற்றி வைத்தேன். ஓடு முன்பைவிட இறுகி, போல்ட்டை மூடவே அழுத்த வேண்டியிருக்கிறது. அளந்தால் சுட்டபோது இருந்ததைவிட 3 தௌ நீளம்! டை பழுதா?
— மெல்பர்னிலிருந்து பட்டர்வொர்த் வாசகர்

பதில்: டை நன்றாகத்தான் இருக்கிறது, பாதியில் நின்றுவிட்டீர்கள். டை முதலில் ஓட்டின் உடம்பைத்தான் நெருக்குகிறது. உடம்பு ஒடுங்கும்போது அந்தப் பித்தளை வேறு எங்கே போகும்? முன்னே போகிறது. தோளைத் தடுக்க எதுவும் இன்னும் வராததால் தோள் முன்னுக்கு நகர்கிறது. டை இன்னும் இறங்கித் தோளைத் தொட்ட பிறகே அளவு குறையத் தொடங்கும். சுட்ட அளவு 1.632 என்றால், இறக்க இறக்க 1.633, 1.635 என்று ஏறி, பிறகு 1.633, 1.631, 1.630 என்று இறங்கும். 1.630 வந்ததும் நிறுத்துங்கள். ஏறும் கட்டத்தில் மிரண்டு டையை மேலே தூக்குபவர்கள்தான் அதிகம்.

டையை ஷெல் ஹோல்டரில் இறுக்கமாகத் தொட வைத்தும் தோள் நகரவில்லையா? ஓடு இல்லாமல் தொடுவதும் ஓடு இருக்கும்போது தொடுவதும் ஒன்றல்ல. பிரஸ் பளுவில் சில தௌ வளைந்து கொடுக்கும். ஓட்டோடு ராமை மேலே ஏற்றி, டைக்கும் ஷெல் ஹோல்டருக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் இன்னும் இறக்க இடமுண்டு. எண்ணெய் போதாமல் இருந்தாலும் இதேதான் நடக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமாக, டையைக் கெட்டியாகத் தொட வைத்தே வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு ரெடிங் நிறுவனத்தின் காம்படிஷன் ஷெல் ஹோல்டர் தொகுப்பு உண்டு. வழக்கமான உயரத்தைவிட 2, 4, 6, 8, 10 தௌ கூடுதல் உயரமுள்ள ஐந்து ஹோல்டர்கள். அவை தோளைக் குறைவாகத் தள்ளத்தான் உதவும், அதிகமாகத் தள்ள அல்ல. உங்கள் சிக்கலுக்கு அதை வாங்கிப் பணத்தை விரயமாக்க வேண்டாம்.

கேள்வி: டையைத் தொடவே இல்லை. ஆனால் 50 ஓடுகளில் ஒன்று 1 தௌ, இன்னொன்று 4 தௌ என்று தள்ளப்பட்டிருக்கிறது. எங்கே தவறு?
— பெயர் வேண்டாம் என்ற செந்தூல் வாசகர்

பதில்: பித்தளையின் கடினம்தான் முதல் சந்தேகம். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த இந்தப் பித்தளை, ஒவ்வொரு முறை விரிந்து ஒடுங்கும்போதும் இறுகும். இறுகிய ஓடு டையிலிருந்து வெளியே வந்ததும் மீண்டு எழும், மிருதுவானது சொன்ன இடத்தில் நிற்கும். இரண்டு முறை சுட்டதையும் எட்டு முறை சுட்டதையும் ஒரே பெட்டியில் கலந்தால் இப்படித்தான். தயாரிப்பாளர் வாரியாக, சுட்ட எண்ணிக்கை வாரியாகப் பிரியுங்கள். கழுத்தையும் தோளையும் மட்டும் சூடாக்கி மிருதுவாக்கலாம். அடிப்பகுதிக்குச் சூடு ஏறவே கூடாது. அடி மிருதுவானால் அழுத்தத்தைத் தாங்காது, அந்த ஓடு பயன்படாது.

அடுத்தது எண்ணெய். லானோலினை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கரைத்துத் தெளிக்கிறவர்கள், ஆல்கஹால் ஆவியாகும்வரை சில நிமிடம் விட வேண்டும். ஈரமாக இருக்கும்போதே டைக்குள் விட்டால் ஓடு சிக்கிக்கொள்ளும். அதிகமானால் தோளில் குழி விழும். கழுத்தின் உள்ளே எண்ணெய் இல்லாவிட்டால், கழுத்தை உள்ளிருந்து விரிக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை வெளியே வரும்போது கழுத்தைப் பிடித்து இழுத்துத் தோளையும் கூடவே முன்னுக்குக் கொண்டுவரும். ராமை இறக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்டால் இதுதான். நைலான் பிரஷ்ஷால் உள்ளே ஒரு தொடு தொட்டால் போதும்.

ராமை மேலே ஏற்றியதும் உடனே இறக்காமல் ஒன்றிரண்டு நொடி நிறுத்துவதும் அளவைச் சீராக்கும். இதை எல்லா ஓட்டுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

கேள்வி: கம்பேரட்டர் இல்லாமல் பார்க்க வழி உண்டா?
— ஈப்போ ரோடு வாசகர், இப்போது ஆக்லாந்தில்

பதில்: உண்டு, போல்ட்டையே கேளுங்கள். போல்ட்டிலிருந்து ஊசித் தொகுதியையும், ஓட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றுங்கள். எஜெக்டரின் ஸ்பிரிங் இருந்தால் கை ஏமாறும். துப்பாக்கியில் எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, வெறும் சேம்பரில் போல்ட்டை மூடிப் பாருங்கள். பிடி தன் எடையிலேயே விழ வேண்டும். வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத சுட்ட ஓட்டை வைத்தால் பாதியில் நிற்கும். டையை இறக்கி இறக்கி, பிடி மறுபடி தானே விழத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அரைத் தானியங்கி ரைஃபிளுக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே 3 முதல் 4 தௌ வரை தள்ளுங்கள், அளந்தே செய்யுங்கள்.

கேள்வி: தோள் சரி, மொத்த நீளத்தையும் பார்க்க வேண்டுமா?
— கிள்ளான் வாசகர்

பதில்: கட்டாயம், அளவாக்கிய பிறகு. .308க்கு அதிகபட்சம் 2.015 அங்குலம், வெட்டி நிறுத்துவது 2.005. .223க்கு 1.760, வெட்டுவது 1.750. கழுத்து நீண்டு சேம்பரின் முனையில் முட்டினால் குண்டை இறுக்கிப் பிடித்து அழுத்தம் ஏறிவிடும். வெட்டிய பிறகு உள்ளும் புறமும் விளிம்பை மழுங்கச் சீவுங்கள்.

கேள்வி: நான் பினாங்கில்தான் இருக்கிறேன். சங்கத்தில் சுடும் .22 ஓடுகளை இப்படிச் செய்யலாமா?
— ஜெலுத்தோங் வாசகர்

பதில்: முடியாது, இரண்டு காரணங்கள். .22 எல்.ஆர். தோட்டாவுக்குத் தனிப் பிரைமர் கிடையாது. வெடிக்கும் பொருள் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, சுடும்போது விளிம்பு நசுங்கிவிடும். அதைவிட முக்கியம், மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மேலே உள்ளவை எல்லாம் அனுமதியுள்ள நாட்டில் உரிமத்தோடு செய்பவர்களுக்கு. அங்கிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்கள் பைகளை ஒருமுறை உதறிப் பாருங்கள். ஒரு வெற்று ஓடு மூலையில் கிடந்தாலும் விமான நிலையத்தில் விளக்கம் சொல்லி மாளாது.