சடைநாயும் கடல் தண்ணியும்

கேள்வி: எங்கட பொமரேனியனுக்கு மூண்டு வயசு. ஞாயிறுகளில உப்புவெளிக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போவம், வந்ததும் கிணத்தடியில சோப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் குளிக்க வாப்பம், காய்ஞ்ச பிறகு முடி இழுப்பம். பிறகும் காதுக்குப் பின்னால, கக்கத்துக்குள்ள எல்லாம் கட்டி கட்டியாச் சிக்கு. மொட்டை அடிச்சு விட்டா நல்லமா?
- வாசகி, திருகோணமலை

பதில்: சீப்பைப் பிந்தி எடுக்கிறீங்க, அவ்வளவுதான். இந்தச் சாதிக்கு மேல நீட்டு முடி, அதுக்கடியில பஞ்சு மாதிரி இன்னொரு முடி, உதிர்ற பஞ்சு வெளிய வராம உள்ளுக்கயே நிண்டு சிக்குப்படும். அது நனைஞ்சா, அதுக்கு மேல நீங்க வட்டம் வட்டமாத் தேய்ச்சா, நனைச்ச தும்பை முறுக்கின கதைதான், இறுகிப் போயிரும்.

அதால கடலுக்குப் போக முதலே வீட்டில வைச்சு முடியைப் பிரிச்சுப் பிரிச்சு தோல் வரைக்கும் பிரஷ் பண்ணுங்கோ, பிறகு இரும்புச் சீப்பை அடியிலயிருந்து விட்டுப் பாருங்கோ, எங்கயும் தடக்காமப் போனாத்தான் தண்ணி. மேலால மட்டும் இழுத்தா வடிவாத்தான் இருக்கும், அடியில சிக்கு அப்பிடியே கிடக்கும் (கன பேர் ஏமாறுறது இதிலதான்).

கடலால வந்தா உப்பும் மணலும் போக நல்ல தண்ணியால அலசினாப் போதும். ஷாம்பு மாசத்துக்கு ஒருக்கா, நாய்க்கெண்டு விக்கிறது, தண்ணியில கரைச்சு முடி போற பக்கமாவே தடவுங்கோ. எங்கட சோப் அதுகளின்ர தோலுக்குச் சரிவராது. துவாயால அமத்தி ஒத்தி எடுங்கோ, தேய்க்க வேண்டாம். கச்சான் காத்து நாளில கெதியாக் காயும். மாரியில ஃபானுக்குக் கீழ விட்டு, அடிமுடி காஞ்சிட்டுதோ எண்டு விரலை விட்டுப் பாருங்கோ, ஈரம் நிண்டா மணக்கும், புண்ணும் வரும். கழுத்துப் பட்டியையும் கழட்டி விடுங்கோ.

இப்ப இருக்கிற சிக்குக்கு கொஞ்சம் சோளமா தூவி விரலால மெதுவாப் பிரியுங்கோ. கத்திரிக்கோல் வைக்காதேங்கோ, சிக்கு தோலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நிக்கும், வெட்டுப்பட்டிரும். பிரியாட்டி, தோல் சிவந்திருந்தா, மிருக வைத்தியரிட்ட காட்டினா மெஷினால எடுத்து விடுவார்.

மொட்டை வேண்டாம். அந்த முடிதான் வெயிலைத் தடுக்குது, வழிச்சா சிலதுக்குப் பழையபடி முளைக்கிறதும் இல்ல.