மூன்றாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு இணையப் பாதுகாப்பை எப்படிச் சொல்லித் தருவது?

நீங்கள் வேலைக்குப் போகிற அம்மா, பள்ளி விட்டு வந்தால் பையனுக்குப் பாட்டியும் போனும்தான் துணை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை.

எதைச் சொல்லித் தருவதற்கும் முன்னால், "என்ன தப்பு நடந்தாலும் என்கிட்ட சொல்லு, அடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்னபடி நடக்கவும் வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

2023-இல் என் நான்காம் வகுப்பில் ஒரு பையன். அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். போனில் வரும் ஆங்கிலத்தைப் படிக்கத் தெரியாது. மளிகைக் கடைக்குப் பணம் அனுப்புவதெல்லாம் பையன்தான். யுபிஐ பின் நம்பர் அவனுக்கு மனப்பாடம். போன் விளையாட்டில் பழக்கமான ஒரு 'அண்ணா', "கேம் டைமண்ட் சும்மா தர்றேன், போன்ல ஒரு ரிக்வெஸ்ட் வரும், பின் நம்பர் போடு, ஏறிடும்" என்றிருக்கிறான். இவனும் போட்டுவிட்டான். மகளிர் குழுத் தவணைக்கு வைத்திருந்த 4,800 ரூபாய் போயிற்று. பேங்க் எஸ்எம்எஸ்ஸை அழித்துவிட்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்திருக்கிறான். தவணை நாளன்று அம்மா அழுதுகொண்டே பள்ளிக்கு வந்தார். சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் போட்டோம். உடனே கூப்பிட்டிருந்தால் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. மூன்று நாளில் எல்லாம் கைமாறிவிட்டது.

"ஏண்டா அன்னைக்கே சொல்லல?" என்றேன்.

"போனத் தொட்டா தோலை உரிச்சிடுவேன்னு சொன்னீங்களே டீச்சர்."

சொன்னது நான்தான், வகுப்பில் எல்லார் முன்னாலும். அந்த 4,800 ரூபாயில் எனக்கும் பங்கு இருக்கிறது என்றே இன்றும் நினைக்கிறேன்.

'இந்த வயதில் போனே கொடுக்கக் கூடாது' என்று சொல்ல வருபவர்களுக்கு: 2020-இல் பள்ளியை மூடியபோது வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பி, எப்படியாவது ஒரு போன் வாங்குங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். அந்த அம்மாவையும் குறை சொல்லாதீர்கள். படிக்கத் தெரியாதவர் பிள்ளையை நம்பாமல் யாரை நம்புவார்?

இப்போது வகுப்பில் காலி சோப்பு டப்பாதான் போன். ஒரு பிள்ளை 'தெரியாத அண்ணா'வாகப் பேச வேண்டும். "உன் பேர் என்ன? எந்த ஸ்கூல்? அம்மா வீட்ல இருக்காங்களா? ஒரு போட்டோ அனுப்பு. யார்கிட்டயும் சொல்லாத." அந்தக் கடைசி வார்த்தை வந்ததும் மொத்த வகுப்பும் "சொல்வேன்!" என்று கத்தும். வீட்டில் நீங்களும் பையனுமே இதை விளையாடலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எல்லாருக்கும் மனப்பாடம். அப்புறம், நமக்குப் பணம் வர பின் நம்பர் போடவே தேவையில்லை, பணம் தருகிறேன் என்று சொல்லிப் பின் நம்பர் கேட்டாலே நம் பணம் வெளியே போகப்போகிறது என்று சொல்லிக்கொடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பெரியவர்கள் பலருக்கே தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். போன வருடம் ஒரு சிறுமி எழுந்து, "போட்டோ அனுப்பக் கூடாதுன்னு சொல்றீங்க, நீங்க மட்டும் எங்கள எடுத்து அனுப்புறீங்களே டீச்சர்?" என்று கேட்டாள். உண்மைதான். மரம் நட்டால் போட்டோ, கை கழுவினால் போட்டோ, சாப்பிட்டால் போட்டோ. பாடம் நடத்துகிற நேரத்தில் பாதி இதில் போகிறது. அந்தப் படங்கள் எத்தனை குரூப்புகளுக்குப் போகின்றன என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து பிள்ளைகளை முதுகுப் பக்கமாக நின்றுதான் எடுக்கிறேன். முகம் தெரியவில்லை, வேறு அனுப்புங்கள் என்று மேலதிகாரிகள் இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் முதுகையேதான் அனுப்பினேன்.