வெள்ளம் வடிந்த கிணறு: மெஷின் வாங்குவதற்கு முன்

கேள்வி: மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்கள் வீடு. மாரி வெள்ளத்தில் வளவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, கிணற்றுக்குள்ளும் போய்விட்டது. இப்போது வடிந்தாலும் கிணற்றுத் தண்ணீர் லேசான மஞ்சளாக இருக்கிறது. ஆர்.ஓ. மெஷின் (தண்ணீரில் கரைந்த உப்பை மென்சவ்வால் வடிக்கும் கருவி) விற்க வந்த தம்பி ஒருவர் எங்கள் தண்ணீரில் மின்சாரக் கம்பிகளை விட்டுக் காட்டினார். ஒரு நிமிடத்தில் சேறு மாதிரி ஆகிவிட்டது. அவருடைய மெஷின் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. வீட்டில் நாலு மாதக் குழந்தை, பால்மாதான் கொடுக்கிறோம். கடன்பட்டாவது மெஷினை வாங்கவா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். உங்கள் கிணற்றில் பிரச்சினை இருக்கிறது, ஆனால் அந்தத் தம்பி காட்டியது அதை அல்ல.

முதலில் அந்தக் கம்பி விளையாட்டைப் பார்ப்போம், ஊர் ஊராக இதைக் காட்டித்தான் விற்கிறார்கள். அந்தக் கருவியில் இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். கிணற்றுத் தண்ணீரில் இயல்பாகவே உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் பாயும். பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து, துருவாகத் திரளும். நீங்கள் பார்த்த சேறு பெரும்பாலும் அந்தக் கம்பியிலிருந்து வந்ததுதான். மெஷின் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் பாயாது, கம்பி கரையாது, தண்ணீர் தெளிவாக நிற்கும். அடுத்த முறை வந்தால் அவருடைய தண்ணீரிலேயே அரைக் கரண்டி கறியுப்பைப் போட்டுவிட்டு, அவரையே கம்பியை விடச் சொல்லுங்கள் (நீங்கள் தொட வேண்டாம், அது வீட்டு மின்சாரம்). அதுவும் சேறாகும். கையில் வைத்திருக்கும் ரீ.டீ.எஸ். பேனாவும் கரைந்த உப்பை மட்டுமே அளக்கும். ஒரு துளி மலம் கலந்தாலும் அந்த எண் அசையாது.

உங்களுக்கு இப்போது அவசரம் அந்த மலக்கிருமிதான். கரையோர மணலில் நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. மாரியில் அது இன்னும் மேலே ஏறி, மலசலகூடக் குழியின் அடிப்பாகம் நீருக்குள் மூழ்கிவிடும். மணல் தண்ணீரைச் சீக்கிரம் நகரவிடும் நிலம். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. மணலில் 100 அடி இருந்தால்தான் நிம்மதி. அளக்கும்போது பக்கத்து வளவின் குழியையும் சேர்த்து அளக்க வேண்டும். நெருக்கமான ஊர்களில் பலரும் தங்கள் குழியை மட்டும் அளந்துவிட்டு இருந்துவிடுகிறார்கள். இந்த முறை வெள்ளமே எல்லாக் குழியையும் ஒன்றாகக் கலக்கிக் கிணற்றுக்குள் கொட்டியிருக்கிறது.

ஆகவே இன்றிலிருந்து குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடித்து, நன்றாகக் கொதி புரண்ட பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். ஆறியதும் மூடிய, குழாய் வைத்த பாத்திரத்தில் ஊற்றி வையுங்கள். செம்பை விட்டு அள்ளினால் கொதிக்க வைத்த பலன் கையோடு போய்விடும்.

அப்புறம் கிணறு. மிதப்பதை, சேற்றை அகற்றுங்கள். கலங்கல் குறையும் வரை அளவாக இறையுங்கள். மோட்டரைப் போட்டு ஒட்ட இறைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கரையோரத்தில் கடல்நீர் புகுந்த கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். பல இடங்களில் உப்புப் போகவில்லை, கீழே கிடந்த உவர்நீர் மேலே இழுபட்டதுதான் மிச்சம். மணலில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. கடைசியில் உப்பைக் கழுவிக் கீழே இறக்கியது அடுத்தடுத்த மாரி மழைதான். ஒட்ட இறைத்தால் சீமெந்து வளையங்கள் சரியும் ஆபத்தும் உண்டு.

இனிக் குளோரின். கிணற்றின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்குங்கள், எல்லாம் மீற்றரில். வந்ததை 785 ஆல் பெருக்கினால் எத்தனை லீற்றர் என்று தெரியும். 1.2 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர் என்றால் ஏறக்குறைய 2,260 லீற்றர். ஆயிரம் லீற்றருக்கு 20 கிராம் குளோரின் தேவை. 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் இந்தக் கிணற்றுக்கு 150 கிராம். 65 சதவீதச் சரக்கு என்றால் 70 கிராம் போதும். பையில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் பாருங்கள். திறந்து நாள்பட்ட தூளில் வீரியம் இருக்காது. வாளித் தண்ணீரில் தூளைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி, கிணற்றுச் சுவரையும் அதாலேயே கழுவி, வாளியால் கலக்கி இரவு முழுக்க விடுங்கள். காலையில் மணம் அடங்கும் வரை இறைக்கலாம். மலசலகூடம் கழுவும் அசிட் எதோடும் இந்தத் தூளைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். இதைச் செய்துவிட்டதாலேயே கொதிக்க வைப்பதை நிறுத்தவும் கூடாது, குழி அங்கேயேதான் இருக்கிறது.

மஞ்சள் நிறத்துக்கு வருவோம். அள்ளும்போது தெளிவாக இருந்து, வாளியில் வைத்தால் மஞ்சளாகிப் படிந்தால் அது இரும்பு. தேத்தண்ணி வழக்கத்தை விடக் கறுக்கும். நம் பக்கத்தில் இது சாதாரணம், உடம்புக்குப் பெரிய கேடில்லை. உயரத்திலிருந்து ஊற்றிக் காற்றுப் படவிட்டு, மணல் வடியில் விட்டால் பெருமளவு நின்றுவிடும்.

குழந்தை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். களுதாவளை மாதிரித் தோட்டம் செய்யும் மணற்பக்கம் என்றால் யூரியாவும் கோழி எருவும் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்கியிருக்கலாம், மலக்குழியும் அதையே தரும். கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமப்பதை அது கெடுக்கும், குழந்தை நீலம்பாரிக்கும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். பரிசோதனை முடிவு வரும் வரை பால்மாவுக்குக் குழாய் நீர் வரும் வீட்டிலிருந்து எடுத்துக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள். குளோரின் மணக்கிறது என்று முகம் சுளிக்க வேண்டாம், கிருமிக்குக் காவல் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தாய்ப்பாலைத் திரும்பத் தொடங்க வழியுண்டா என்று குடும்பநல உத்தியோகத்தரிடமும் கேளுங்கள்.

ஆர்.ஓ. மெஷினே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் உவர்க்கும் வாவிக்கரைக் கிணறு, நைத்திரேற்று கூடிய கிணறு, அம்பாறையின் உட்பகுதியில் புளோரைட் கூடிய குழாய்க்கிணறு, இவற்றுக்கு அது தேவைப்படலாம். ஒரு லீற்றர் தர இரண்டு மூன்று லீற்றரைக் கழிவாக விடும், மென்சவ்வையும் காலத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கான செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

எது தேவை என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். குளோரின் மணம் முழுதாகப் போய் ஒரு கிழமை கழிந்ததும் உங்கள் பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) சொல்லுங்கள், அல்லது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பணம் கட்டிச் செய்யலாம். ஈ. கோலை (மலக்கலப்பைக் காட்டும் கிருமி), நைத்திரேற்று, இரும்பு, குளோரைட்டு, புளோரைட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய போத்தல்தான் வேண்டும், சோடாப் போத்தலைக் கழுவிக் கொண்டு போனால் பிழையான முடிவு வரும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிடுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்தக் கிணறு குழந்தைக்கு ஆகாது. 100 மில்லிலீற்றரில் ஒரு ஈ. கோலை இருந்தாலும் குடிக்கத் தகாது. மறுபடி குளோரின் போட்டும் அது திரும்பி வந்தால், மெஷினுக்குப் போட நினைத்த காசைக் குழியை நகர்த்தவோ குழாய் இணைப்பு எடுக்கவோ செலவழியுங்கள்.