தம்பியின் பங்குக்கு யார் கையெழுத்து வைப்பது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் அம்மாவுடனும் தம்பியுடனும் இருக்கிறேன். தம்பிக்கு 41 வயது. இருபது வருடத்துக்கும் மேலாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுக்கிறார், மாதம் ஒருமுறை கிளினிக்கில் ஊசி. கடைக்குத் தனியாகப் போய் வருவார். ஆனால் சில மாதங்களில் குளிசையைத் தள்ளிவிட்டு, யாரோ தன்னைப் பின்தொடர்வதாகச் சொல்லத் தொடங்கிவிடுவார். வீடு அப்பாவின் பெயரில் உள்ளது. அவர் மரணசாதனம் எழுதாமல் காலமானார். அண்ணா கனடாவில். வீட்டை விற்றுச் சிறியதொன்று வாங்க நினைக்கிறோம். தம்பியிடம் அற்றோணித் தத்துவத்தில் (அவருக்காக வேறொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் பத்திரம்) கைநாட்டு வாங்கிவிட்டால் போதும் என்கிறார் மாமா. நான் நீதிமன்றம் மூலம் தம்பியின் சட்டபூர்வப் பாதுகாவலராக முடியுமா? அப்படி ஆகிவிட்டால், மருந்து குடிக்க அவரைக் கட்டாயப்படுத்தலாமா? அம்மாவுக்குப் பிறகு என்ன செய்வது?

பதில்: சகோதரி, மாமா சொன்னதை முதலில் நிறுத்துங்கள். விளங்காத நிலையில் ஒருவர் வைத்த கைநாட்டுக்குச் சட்டத்தில் பெறுமதி இல்லை. இங்கே பொருந்தும் ரோமன் டச்சுச் சட்டப்படி, கையெழுத்திட்ட வேளையில் தான் செய்வதன் பொருள் தெரியாதிருந்தவரின் ஒப்பந்தம் செல்லாது. வாங்கியவர் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்திருந்தாலும் அவருக்கு உரித்துப் போகாது. தம்பி விளங்கித்தான் கையெழுத்து வைத்தார் என்று வைத்துக்கொண்டாலும், பின்னர் அவர் அந்த விளக்கத்தை இழந்தால் அற்றோணித் தத்துவமும் அதோடு முடிந்துவிடும். சில வெளிநாடுகளில் இருப்பதுபோல, புத்தி தடுமாறிய பிறகும் நிலைக்கும் தத்துவம் இலங்கையில் இல்லை. நோய் ஏறி இறங்கும் ஒருவருக்கு அந்தக் கடதாசி மிகப் பலவீனமான பாதுகாப்பு.

இனி யாருக்கு எவ்வளவு என்று பார்ப்போம். திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துமானால், அப்பாவின் வீட்டில் அம்மாவுக்குப் பாதி, மீதிப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமனாக. தம்பிக்கு ஆறில் ஒரு பங்கு. அப்பா யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவராக இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதனால் சட்டத்தரணியிடம் போனதும் குடும்பத்தின் பூர்வீகத்தை முதலிலேயே சொல்லுங்கள். எந்தச் சட்டமானாலும் தம்பியைத் தாண்டி வீட்டை முழுதாக விற்க முடியாது. பங்கு பிரிக்கும் வழக்குப் போட்டாலும் அவருக்காக ஒருவர் நியமிக்கப்பட்டே தீர வேண்டும். அப்பாவின் இறப்புச்சொத்து வழக்கு இதுவரை போடப்படவில்லையென்றால் அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்: தம்பிக்குப் பாதுகாவலர் தேவையா? நோயின் பெயரும் தீர்மானிக்கும் ஆற்றலும் வேறு வேறு. தனியாகக் கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வருபவர் ஊசி ஒழுங்காக ஏறிய மாதங்களில், ‘இது அப்பாவின் வீடு, எனக்கும் பங்கு உண்டு, விற்றால் எனக்கு இவ்வளவு வரும், பிறகு அம்மாவோடு வேறு வீட்டில் இருப்பேன்’ என்று தன் வாயால் சொல்லக்கூடியவராக இருக்கலாம். அப்படியானால் அவரே விற்பனை உறுதியில் (பத்திரத்தில்) கையெழுத்து வைக்கலாம்.

அதற்கான ஒழுங்கு இது. கையெழுத்துக்குச் சில நாள் முன்னதாக அவரைப் பார்க்கும் மனநல வைத்திய நிபுணரிடம் கடிதம் கேளுங்கள். ‘இவர் மனச்சிதைவுக்குச் சிகிச்சை பெறுகிறார்’ என்ற ஒற்றை வரி உதவாது, எதிராகவே திரும்பும். இந்த விற்பனை என்ன, தன் பங்கு என்ன, விற்றால் என்ன இழக்கிறார் என்பதை அவர் விளங்கிக்கொண்டாரா என்று மருத்துவர் குறிப்பாக எழுத வேண்டும். குடும்பத்தின் சட்டத்தரணி அல்லாத வேறொருவர் தம்பிக்குத் தனியாக ஆலோசனை சொல்ல வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் கேட்பதுபோல் உறுதி நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் முடிக்கப்படும்போது, அவருக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட வேண்டும். அவருடைய பங்குக் காசு அவர் பெயரிலுள்ள கணக்குக்கே போக வேண்டும். உங்கள் கணக்குக்குப் போனால், நீங்கள் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், நாளை அண்ணாவோ வாங்கியவரோ கேள்வி எழுப்பும்போது உங்களிடம் பதில் இருக்காது.

மருத்துவர் ‘விளங்கவில்லை’ என்றால்தான் நீதிமன்றம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 39ஆம் அத்தியாயம், 556ஆம் பிரிவு முதல், இதைச் சொல்கிறது. தம்பி வசிக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பம் போட வேண்டும். கொட்டாஞ்சேனைக்குப் புதுக்கடையிலுள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றம். (தெஹிவளைக்குக் குடிபோய்விட்டால் கல்கிசை. ஆகவே வீடு மாறுவதற்கு முன்பா பின்பா என்பதை யோசித்துப் போடுங்கள்.) மனுவும் சத்தியக்கடதாசியும், பிறப்பு இறப்புச் சான்றிதழ்கள், வீட்டு உறுதி, தம்பியின் வங்கிக் கணக்கு உட்பட அவருடைய சொத்தின் முழு விபரம், மருத்துவரின் அறிக்கை ஆகியவை வேண்டும். அம்மாவையும் அண்ணாவையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். அண்ணாவுக்கு ஆட்சேபமில்லையென்றால் அங்குள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் சத்தியக்கடதாசி முடித்து அனுப்பட்டும். தம்பிக்கும் அறிவித்தல் போகும். நீதிபதி அவரை நேரில் பார்க்க விரும்பலாம், வேறு மருத்துவரைக் கொண்டு பரிசோதிக்கவும் கட்டளையிடலாம்.

இவ்வழக்குகள் இழுபடுவது பெரும்பாலும் சின்ன விடயங்களால்தான். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து. பல மாதம் பழைய மருத்துவ அறிக்கை. சொத்து விபரத்தில் விட்டுப்போன ஒரு சேமிப்புக் கணக்கு. எல்லாவற்றையும் விட, மனுப் போட்டவரே வாங்கப் போகிறவராகவோ காசால் நன்மை அடைபவராகவோ இருப்பது. விற்பனையில் உங்களுக்கும் பங்கு இருப்பதால் அதை மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். கொழும்பில் வழக்கு சிங்களத்தில் நடக்கும் என்று பயப்பட வேண்டாம். அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை தமிழில் மனுச் சமர்ப்பிக்கவும் அரச செலவில் உரைபெயர்ப்புப் பெறவும் இடம் தருகிறது.

மன்றம் திருப்தியடைந்தால் சொத்துக்கு ஒரு முகாமையாளரையும், தம்பியைக் கவனிக்க ஒரு பாதுகாவலரையும் நியமிக்கும். முகாமையாளர் வாடகை வாங்கலாம், நியாயமான கடன் கட்டலாம். மன்றத்தின் அனுமதி இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அந்த அனுமதிக்குத் தனி விண்ணப்பம் வேண்டும். மதிப்பீட்டாளரின் அறிக்கை, விலை, தம்பியின் பங்கு எங்கே வைப்பிலிடப்படும், அவர் எங்கே வசிப்பார் என்பதெல்லாம் கேட்கப்படும். சொத்துப் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் மன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. அரசியலமைப்பின் 89ஆவது உறுப்புரைப்படி, சித்தசுவாதீனமற்றவர் என்று சட்டப்படி தீர்க்கப்பட்டவர் வாக்களிக்கும் தகுதியை இழக்கிறார். அவர் தானாகச் செய்யும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அதன் பிறகு சந்தேகத்துக்கு உள்ளாகும். குணமடைந்தால் கட்டளையை நீக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கும் இன்னொரு விசாரணை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12ஆவது உறுப்புரை, ஒருவருடைய இடத்தில் இன்னொருவர் தீர்மானிப்பதை விட, அவர் தானே தீர்மானிக்க உதவி கொடுப்பதையே வேண்டுகிறது. நமது சட்டக்கோவை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. அதனால்தான் இதைக் கடைசி வழியாக வைக்கச் சொல்கிறேன்.

மருந்து விடயத்தில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பாதுகாவலர் என்ற கட்டளை கையில் இருந்தாலும் வீட்டில் பிடித்து வைத்து மருந்து ஏற்றும் அதிகாரம் அதில் இல்லை. 1873இலிருந்து வரும் மனநோய்கள் கட்டளைச்சட்டம் மருத்துவமனைச் சேர்க்கையைப் பற்றியது. வீட்டில் இருப்பவருக்குக் கட்டாயச் சிகிச்சை என்ற ஏற்பாடு அதில் கிடையாது. அறையில் பூட்டுவதும் கட்டுவதும் குற்றமாகலாம். தம்பி சம்மதித்தால் சுயவிருப்பில் அனுமதி பெறலாம். சம்மதிக்கும் நிலையில் இல்லையென்றால், உறவினரின் எழுத்து விண்ணப்பத்துடனும் இரண்டு மருத்துவர்களின் பரிந்துரையுடனும் தற்காலிக நோயாளியாகச் சேர்க்க வழி உண்டு. அதற்கு நீங்கள் பாதுகாவலராக இருக்கத் தேவையில்லை, அக்கா என்பதே போதும். அங்கொட தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தில் பேசலாம். ஆபத்தான நிலையில் 1990 இலவச அம்புலன்ஸ். சுகமாக இருக்கும் நாளில் தம்பியோடு இருந்து, ‘நித்திரை குறைந்தால், பின்தொடர்கிறார்கள் என்று தோன்றினால் யாரிடம் போவது, யாருக்குச் சொல்வது’ என்று ஒரு தாளில் எழுதி, அவர் கையெழுத்தோடு கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். சட்டவலு இல்லாவிட்டாலும் மருத்துவர்கள் அதை மதித்துப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்குப் பிறகு என்ற கேள்விக்கு அம்மா உயிரோடு தெளிவாக இருக்கும்போதுதான் பதில் எழுத முடியும். அவர் தன் பாதியைத் தம்பிக்கு நேரே எழுதினால் இதே சிக்கல் பெரிதாகத் திரும்பி வரும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப்பொறுப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் நொத்தாரிசு முன்னிலையில் ஒரு நம்பிக்கைப்பொறுப்பை (ஒருவரின் நன்மைக்காகச் சொத்தைப் பொறுப்பாளர்கள் வைத்து நடத்தும் ஏற்பாடு) ஏற்படுத்தி, தம்பியின் இருப்பிடத்துக்கும் மருத்துவத்துக்கும் என்று நோக்கத்தை எழுதலாம். பொறுப்பாளர்கள் இருவராவது இருக்கட்டும், ஒருவர் உறவுக்கு வெளியே உள்ளவராக இருப்பது நல்லது. காசு குறைவென்றால், புதிய வீட்டின் உறுதியில் தம்பிக்கு ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமையை எழுதிப் பதிவு செய்யுங்கள். வீடு பிறகு கைமாறினாலும் அந்த உரிமை அவரோடு நிற்கும்.

அப்பா அரச ஓய்வூதியக்காரராக இருந்திருந்தால், பிரதேச செயலகத்தில் அங்கவீனப் பிள்ளைக்கான அனாதைகள் ஓய்வூதியத்தைக் கேளுங்கள். நோய் எந்த வயதில் தொடங்கியது என்பதே அங்கே முதல் கேள்வி. தம்பியின் முதல் கிளினிக் கொப்பியை இப்போதே தேடி எடுங்கள். சட்டத்தரணிக்குச் செலவிட முடியாவிட்டால், 1978இன் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடையிலேயே இருக்கிறது. வருமானச் சான்றுக்கு உங்கள் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தோடு போங்கள்.