இறைச்சி வேண்டாம் என்று சொல்லியும் மீன் வாடை வந்தது ஏன்?

தாய்லாந்து உணவகத்தில் இறைச்சி வேண்டாம் என்று சொல்லியும் சாப்பாட்டில் மீன் வாடை வந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான், அந்த வாடைக்குக் காரணம் பெரும்பாலும் மீன் சாஸ். நீங்கள் இறைச்சி வேண்டாம் என்றீர்கள். அவர்களும் இறைச்சித் துண்டு போடவில்லை. ஆனால் அந்தச் சமையலில் வெறும் காய்கறி வதக்கலுக்கும் உப்புச்சுவை தருவது அந்தச் சாஸ்தான். நெத்திலியை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் நீர் அது. சமைப்பவருக்கு அது நமக்கு உப்பு மாதிரி. ஏமாற்றிவிட்டார்கள் என்று வருந்தாதீர்கள்.

அடுத்த முறை இறைச்சித் துண்டைப் பற்றிக் கேட்காமல், ஊற்றுவதைப் பற்றிக் கேளுங்கள்: "இதில் என்ன சாஸ்? சூப்பை எதைக் கொதிக்கவைத்து எடுத்தீர்கள்?"

தாய்லாந்து உணவகத்தில் 'ஜே', வியட்நாம் உணவகத்தில் 'சாய்' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுமே மீன் சாஸையும் சேர்த்து விலக்கும் சைவத்தைக் குறிக்கும் சொற்கள். 'ஜே'யில் பூண்டு, வெங்காயம்கூட இருக்காது.

ஜப்பானிய உணவகத்தில் இன்னும் கவனம் தேவை. மிசோ சூப்பில், அதாவது புளிக்கவைத்த சோயா விழுது கரைத்த சூப்பில், டோஃபுவும் கடற்பாசியும் மிதக்கும், பார்த்தால் சுத்த சைவம். ஆனால் அடியில் இருக்கும் 'தாஷி' பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் எடுத்த சாறு. கடற்பாசியில் மட்டும் எடுத்த தாஷியா என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும்: உங்களுக்கு மீனோ இறாலோ ஒவ்வாமை என்றால் இந்தச் சொற்களை நம்பி உட்கார வேண்டாம். தாய்லாந்துக் குழம்பு விழுதில் இறால் இருக்கலாம், வாணலியும் எண்ணெயும் பொதுவாக இருக்கலாம். ஒவ்வாமை என்றே சொல்லி, சமையலறையில் விசாரித்த பிறகு சாப்பிடுங்கள்.